கிணற்றுக்கு முன் அடைபட்ட கதவுகள்: 'நல்லதங்காள் நோய்க்குறி'யும் பிள்ளைக்கொலை வழக்குகளில் சான்றின் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, குழந்தைகள் இறக்கத் தான் மட்டும் உயிர்பிழைத்த தாய் கொலைக் குற்றவாளியாக நிறுத்தப்படும் வழக்குகள் இந்திய நீதிமன்றங்களுக்குப் புதியவை அல்ல. இத்தகைய வழக்கொன்றில் 1989-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்க் கதைப்பாடலின் தலைவி பெயரால் 'நல்லதங்காள் நோய்க்குறி' என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தது. அக்கருத்தாக்கம் எந்த இடைவெளியை நிரப்பியது, எதை நிரப்பாமல் விட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. குடும்ப வன்முறை, உளநோய், சமூக நலச் சேவைகளின் தவறுகை ஆகிய மூன்றும் இவ்வழக்குகளில் பின்னிக் கிடக்கின்றன. சேவைகள் தவறிய இடத்தில் பெண்ணுக்குச் சிகிச்சை கிடைக்காமற் போவதோடு, பின்னர் நீதிமன்றம் கேட்கும் சான்றும் உருவாகாமற் போகிறது என்பதே கட்டுரையின் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்

நல்லதங்காள், கதைப்பாடல், பிள்ளைக்கொலை, தொடர் சினமூட்டல், சித்த சுவாதீனம், குடும்ப வன்முறை, மனநலப் பராமரிப்புச் சட்டம்.

1. முன்னுரை

'குழந்தைகளுடன் தாய் தற்கொலை' என்னும் தலைப்பைத் தமிழ் நாளிதழ் வாசகர் அடிக்கடி காண்பர். அத்தொடரில் ஒரு பிழை உண்டு. தற்கொலை என்பது தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளுதல். மூன்று வயதுக் குழந்தை தற்கொலை செய்துகொள்வதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளிலும் 'கூட்டு அல்லது குடும்பத் தற்கொலை' என்ற வகைப்பாடு இடம்பெறுகின்றது. தாயும் இறந்துவிட்டால் சமூகம் இரக்கத்தோடு அதனைத் தற்கொலை என்கிறது. தாய் உயிர்பிழைத்துவிட்டால் அதே செயலைச் சட்டம் கொலை என்கிறது. செயல் ஒன்றே, பெயரைத் தீர்மானிப்பது அவளைத் தூக்கியெடுத்தவர் வந்த நேரமாக இருக்கிறது.

இக்கட்டுரை உயிர்பிழைத்த தாய்மார் மீதான வழக்குகளைப் பற்றியது. பெண்குழந்தை என்பதற்காகவே பிறந்தவுடன் கொல்லும் பெண்சிசுக்கொலை இதன் எல்லைக்குள் வாராது. அது வேறு காரணங்களும் வேறு தீர்வுகளும் உடையது. 1992-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் அச்சிக்கலுக்கான மறுமொழி. இங்கு ஆராயப்படுவது, குழந்தைகளை வளர்த்து வந்த தாய், துன்பத்தின் முடிவில் அவர்களையும் தன்னையும் ஒருசேர அழிக்க முற்படும் நிலையாகும்.

தீர்ப்புகள் அவற்றில் குற்றம் சாட்டப்பட்ட பெண்களின் பெயர்களாலேயே சட்ட நூல்களில் அறியப்படுகின்றன. இக்கட்டுரையில் அப்பெயர்கள் தவிர்க்கப்பட்டு, நீதிமன்றமும் ஆண்டும் மட்டுமே சுட்டப்படுகின்றன.

2. கதைப்பாடல் காட்டும் வரிசை

நல்லதங்காள் கதை தென்தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் கதைப்பாடல். பெரிய எழுத்துப் பதிப்புகள் இதனைப் புகழேந்திப் புலவர் பெயரில் வெளியிட்டன. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலும் உண்டு. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்ட அவள், நெடிய பஞ்சத்தில் தன் ஏழு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அண்ணன் நல்லதம்பியின் வீட்டை நாடுகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். பசித்த பிள்ளைகளுக்குச் சோறு மறுக்கிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். கதை கூறும் விவரங்கள் பதிப்புக்குப் பதிப்பு வேறுபட்டாலும் இவ்வரிசை மாறுவதில்லை.

ஆய்வு நோக்கில் இவ்வரிசையில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, கிணறு கதையின் இறுதியில்தான் வருகிறது. பஞ்சம், பயணம், பசி, அவமதிப்பு என நீண்ட காலம் அதற்கு முன் கழிகின்றது. இரண்டாவது, நல்லதங்காள் உதவி கேட்காதவள் அல்லள். தனக்கு உரிமையுடைய ஒரே வாசலுக்குச் சென்று கேட்டவள். மூன்றாவது, தப்பியோட முயன்று உயிருக்கு மன்றாடும் மூத்த மகனின் குரலையும் கதைப்பாடல் பதிவு செய்கின்றது. தாயின் துயரைப் பாடும் பாடல் பிள்ளையின் அச்சத்தை மறைக்கவில்லை. இம்மூன்றையும் மனத்திற்கொண்டு தீர்ப்புகளை நோக்கினால், அவை எதைக் கண்டன, எதைக் காணவில்லை என்பது தெளிவாகும்.

3. இரு கிணறுகள், இரு தீர்ப்புகள்

இந்தியச் சட்டக் கல்லூரிகளில் அருகருகே வைத்துக் கற்பிக்கப்படும் தீர்ப்புகள் இரண்டு. முதலாவது 1940-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வழங்கியது. கணவனால் கொடுமைப்படுத்தப்பட்ட இளம் கிராமப் பெண் ஒருத்தி, இரவில் ஆறு மாதக் குழந்தையுடன் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். பின்னால் ஓசை கேட்டுத் திரும்புகிறாள். கணவன் தொடர்ந்து வருவதைக் காண்கிறாள். அச்சத்தில் அருகிலிருந்த கிணற்றில் குழந்தையோடு குதிக்கிறாள். குழந்தை இறந்தது. அவளுக்குக் கொல்லும் நோக்கம் இல்லை என்று நீதிமன்றம் கருதியது. தன் செயல் குழந்தையின் உயிருக்குப் பேராபத்தானது என்ற அறிவு அவளுக்கு இருந்ததாகக் கொண்டாலும், அந்நேர அச்சம் அவ்வாபத்தை மேற்கொண்டதற்குத் தக்க காரணமாகும் என முடிவு செய்தது. ஆகவே செயல் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் கொள்ளப்பட்டு, ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவள் தப்பிக்கவே குதித்தாள் என்பதால் தற்கொலை முயற்சிக் குற்றமும் நிலைக்கவில்லை.

இரண்டாவது 1953-இல் மத்திய பாரத உயர் நீதிமன்றம் வழங்கியது. நாத்தனாருடன் ஓயாத சச்சரவில் வாழ்ந்த பெண் ஒருத்தி, ஒரு சண்டைக்குப் பின் தன் மூன்று குழந்தைகளுடன் வீட்டைவிட்டு வெளியேறிக் கிணற்றில் குதித்தாள். குழந்தைகள் இறந்தனர், அவள் பிழைத்தாள். இங்கும் கொல்லும் நோக்கம் இருந்ததாக நீதிமன்றம் கொள்ளவில்லை. ஆனால் குழந்தைகளின் மரணம் உறுதி என்ற அறிவு அவளுக்கு இருந்தது, அவ்வாபத்தை மேற்கொள்ளத் தக்க காரணம் எதுவும் இல்லை என்று கூறி, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவின் நான்காம் கூறின்கீழ் அதனைக் கொலை என்றது. கொலைக்குச் சட்டம் விதிக்கும் குறைந்த அளவுத் தண்டனையே ஆயுள் தண்டனை ஆதலால் அதனைக் குறைக்க நீதிமன்றத்தால் இயலவில்லை. தண்டனையைக் குறைக்குமாறு அரசுக்குப் பரிந்துரைப்பதோடு அது அமைந்தது.

இவ்விரு பெண்களின் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு இல்லை. இருவரும் வீட்டில் நிம்மதியின்றி வாழ்ந்தவர்கள். இருவரும் குழந்தையை விட்டுச் செல்ல மனமின்றி உடன் கொண்டு சென்றவர்கள். தீர்ப்பை வேறுபடுத்தியது இறுதி நிமிடம். ஒருத்திக்குப் பின்னால் கணவன் வந்துகொண்டிருந்தான். மற்றொருத்திக்குப் பின்னால் அந்நேரத்தில் யாரும் வரவில்லை. துரத்துவோர் கண்ணுக்குத் தெரிந்தால் அச்சம் சட்டத்தில் காரணமாகின்றது. ஆண்டுக்கணக்கில் நீடித்த துன்பம் துரத்தினால் அது காரணமாவதில்லை. சட்டம் கணத்தைக் காண்கிறது, காலத்தைக் காணவில்லை. தண்டனை முடிவான பின்னர், பரிந்துரை வடிவில், கருணையாக மட்டுமே காலம் உள்ளே நுழைகின்றது.

4. 'நல்லதங்காள் நோய்க்குறி'

இக்குறையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நேரடியாக எதிர்கொண்டது. கணவனின் கொடுமை தாளாது குழந்தைகளோடு கிணற்றில் குதித்துப் பிழைத்த பெண்ணின் மேல்முறையீடு அது. தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கு 'கடுமையான, திடீர்ச் சினமூட்டல்' நிகழ்ந்தால் கொலைக் குற்றத்தின் கடுமையைக் குறைக்கின்றது. இவ்விதிவிலக்கு அடிவாங்கியவுடன் திருப்பி அடிப்பவனை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகும். நாள்தோறும் அடிவாங்கி, ஒருநாள் உடையும் பெண்ணுக்கு இது பொருந்தாது.

உயர் நீதிமன்றம் இதனை உணர்ந்து 'தொடர் சினமூட்டல்' என்பதைத் தனி நிலையாக விளக்கியது. திடீர்ச் சினமூட்டலுக்கும் இதற்கும் சொல்லளவில் மட்டுமே ஒற்றுமை உண்டு. இது ஒரு கால அளவில் பரவிய பல செயல்களின் தொகுப்பு. அவற்றுள் இறுதிச் செயல் மிக அற்பமானதாகவும் இருக்கலாம். இவ்விளக்கத்திற்குத் துணையாகவே நல்லதங்காள் கதை தீர்ப்பில் இடம்பெற்றது. மேலைநாட்டுச் சட்டத்தில் வழங்கும் 'வதைபட்ட பெண் நோய்க்குறி' என்பதற்கு இணையான இந்திய வழக்காக 'நல்லதங்காள் நோய்க்குறி' இதன்பின் சுட்டப்படலாயிற்று. கொடுமை செய்த கணவனைக் கொன்ற மனைவியின் வழக்கில் 2013-இல் கௌகாத்தி உயர் நீதிமன்றம் இக்கருத்தாக்கத்தை எடுத்தாண்டு, கொலைக் குற்றத்தைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைத்தது. தமிழ்க் கதைப்பாடலின் தலைவி அசாமின் நீதிமன்றத்திலும் ஒரு பெண்ணுக்குத் துணை நின்றாள் எனலாம்.

ஆயினும் இக்கருத்தாக்கத்தில் இரண்டு நெருடல்கள் உள்ளன. சினமூட்டல் என்ற சொல் சினத்தை அடிப்படையாகக் கொண்டது. கணவனைத் தாக்கும் மனைவியிடம் சினம் இருக்கலாம். குழந்தையை அணைத்தபடி கிணற்றில் இறங்கும் தாயிடம் இருப்பது சினமா? கதைப்பாடலின் நல்லதங்காள் பிள்ளைகள்மீது சினந்தவள் அல்லள். அவர்களைப் பசிக்கு விட்டுச் செல்ல இயலாதவள். அடுத்து, 'நோய்க்குறி' என்ற சொல் நோயைக் குறித்தாலும் சட்டத்தில் அது நோயாகக் கருதப்படவில்லை. பெயர் நோயினுடையதாகவும் விதி சினத்தினுடையதாகவும் அமைந்ததால், தாயின் உளநிலை என்ன என்ற கேள்வி மருத்துவத்திடம் சென்று சேரவில்லை.

5. உளநோயும் சித்த சுவாதீனமும்

பெற்றோர் தம் குழந்தையைக் கொல்லும் நிகழ்வுகளை வகைப்படுத்திய முன்னோடி ஆய்வு அமெரிக்க உளமருத்துவர் பிலிப் ரெஸ்னிக் 1969-இல் வெளியிட்டது. மருத்துவ இலக்கியத்தில் பதிவான 131 நிகழ்வுகளைத் தொகுத்து, நோக்கத்தின் அடிப்படையில் அவர் ஐந்து வகை கண்டார். குழந்தையின் நன்மைக்கே என்று நம்பிச் செய்வது, கடும் உளப்பிறழ்வில் செய்வது, வேண்டாத குழந்தையை அழிப்பது, அடித்துத் துன்புறுத்துகையில் மரணம் நேர்வது, துணைவரைப் பழிவாங்கச் செய்வது என்பன அவை. முதல் வகையே இங்கு முதன்மையாகப் பொருந்துவது. தான் போனபின் குழந்தை சீரழியும் என்றோ, உயிரோடிருப்பதே குழந்தைக்குத் துன்பம் என்றோ தாய் உறுதியாக நம்புகிறாள். கடும் மனச்சோர்வில் இந்நம்பிக்கை அசைக்க முடியாத மாயநம்பிக்கையாக இறுகக்கூடும்.

மகப்பேற்றுக்குப் பின்வரும் உளப்பிறழ்வு ஆயிரம் பேறுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் நிகழ்வதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும் இந்நோய், உடனடி மருத்துவம் தேவைப்படும் அவசரநிலை. சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவதும்கூட. தாயையும் சேயையும் பிரிக்காமல் உள்நோயாளிகளாக வைத்துச் சிகிச்சை அளிக்கும் பிரிவு ஒன்று பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் 2009 முதல் இயங்குகின்றது. நோய் அறியப்படாதது அன்று. மருந்து இல்லாததும் அன்று.

சட்டம் இந்நோயை அளக்கும் கோல் வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும், 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவும் ஒரே அளவையே கொண்டுள்ளன. செயலைச் செய்த நேரத்தில், அச்செயலின் தன்மையையோ அது தவறானது அல்லது சட்டத்திற்கு மாறானது என்பதையோ அறிய இயலாத நிலையில் இருந்தாரா என்பதே கேள்வி. 1843-இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட மெக்நாட்டன் விதிகளின் வழிவந்த அளவை இது. இங்கும் கணமே முதன்மை. கிணற்றில் தள்ளினால் குழந்தை இறக்கும் என்பதை மனச்சோர்வுற்ற தாய் அறிவாள். இறப்பே குழந்தைக்கு நல்லது என்ற அவளுடைய தீர்மானத்தில்தான் நோய் இருக்கின்றது. அறிவை மட்டும் சோதிக்கும் கோலுக்கு அந்நோய் அகப்படுவதில்லை.

இவ்விடைவெளியை வேறு நாடுகள் சட்டத்தால் நிரப்பியுள்ளன. இங்கிலாந்து 1922-இலும், விரிவாக 1938-இலும் சிசுக்கொலைச் சட்டத்தை இயற்றி, பன்னிரண்டு மாதத்திற்கு உட்பட்ட தன் குழந்தையைப் பேற்றின் விளைவால் மனச்சமநிலை குலைந்த தாய் கொல்வதைக் கொலையினின்று பிரித்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றிய மலேசியா, சிங்கப்பூர் நாடுகளின் சட்டத் தொகுப்புகளிலும் இத்தகைய தனிப்பிரிவு உண்டு. மூலமான இந்தியச் சட்டத்தில் அன்றும் இல்லை. புதிய சன்ஹிதாவிலும் இல்லை. பன்னிரண்டு மாத வரம்பு மூத்த குழந்தைகள் இறந்த வழக்குகளுக்கு உதவாது என்பது உண்மையே. எனினும் தாயின் உளநிலை சட்டம் தனியே கருத வேண்டிய பொருள் என்ற ஏற்பையாவது அப்பிரிவு வழங்குகின்றது.

6. சேவை தவறிய இடத்தில் சான்றும் இல்லை

84-ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கோருபவரே தம் உளநிலையை மெய்ப்பிக்க வேண்டும். 1964-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இச்சுமையை ஓரளவு எளிதாக்கியது. ஐயத்திற்கு அப்பாற்பட்ட மெய்ப்பித்தல் தேவையில்லை. நிகழ்தகவு மிகுதியே போதும். செயலுக்கு முன்னும், செயலின்போதும், பின்னும் இருந்த சூழ்நிலைகளைக் கருதலாம். ஆகவே 'முன்' என்ற காலத்திற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த முற்காலத்தை எதைக்கொண்டு காட்டுவது என்பதே இடர்ப்பாடு.

நீதிமன்றம் எதிர்பார்ப்பவை மருத்துவமனைச் சீட்டு, மருந்துச் சீட்டு, உளமருத்துவரின் சாட்சியம், காவல் நிலையத்தில் பதிவான புகார், பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை முதலியன. இவை யாவும் சேவைகள் ஒழுங்காக இயங்கும்போது உண்டாகும் தாள்கள். பெண் ஒருத்தி உளமருத்துவரைக் கண்டிருந்தால்தான் சீட்டு இருக்கும். அவள் புகார் பதிவு செய்யப்பட்டிருந்தால்தான் எண் இருக்கும். 'கணவனோடு அனுசரித்துப் போ' என்று திருப்பி அனுப்பப்பட்டவளிடம் தாள் எதுவும் இராது. சிகிச்சை பெறாதவளிடம், சிகிச்சை பெற்றதற்கான சான்று கேட்கப்படுகின்றது. நோய் முற்றக் காரணமான அதே தவறுகை, நோய் இருந்ததை மெய்ப்பிக்கவும் தடையாகிறது. அரசின் ஒரு கை செய்யத் தவறியதற்கான விலையை, அரசின் மறு கை அவளிடமே வாங்குகின்றது.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த சத்தீஸ்கர் வழக்கு இதற்குத் தக்க சான்று. தாய் ஒருத்தி தன் இரு சிறு பெண்குழந்தைகளை இரும்புக் கருவியால் தாக்கிக் கொன்றாள். கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஓர் ஆற்றல் தன்னை ஆட்கொண்டிருந்தது என்பது அவள் கூற்று. கொலைக்கான நோக்கம் எதையும் அரசுத் தரப்பு காட்ட இயலவில்லை. ஆயினும் கீழ் நீதிமன்றங்கள் கொலை என்றே தீர்ப்பளித்தன. உளநோய்களைப் பற்றிய அறிவு எட்டாத கிராமப்புறத்தில் நோயின் அறிகுறிகளைக் கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் என்றே மக்கள் கூறுவர் என்பதை உச்ச நீதிமன்றம் கவனத்திற் கொண்டது. தாயொருத்தி காரணமே இன்றித் தன் குழந்தைகளைக் கொன்றதாகத் தோன்றும்போது, சாட்சியச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு விசாரணை நீதிபதியே அவளுடைய உளநிலையைப் பற்றிச் சாட்சிகளிடம் வினவியிருக்க வேண்டும் என்றும் சுட்டியது. இறுதியில் குற்றம் கொலையாகாத மரணம் விளைவித்ததாகக் குறைக்கப்பட்டு, சிறையில் ஏற்கெனவே கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டது. அக்காலம் ஒன்பது ஆண்டு பத்து மாதங்களுக்கு மேற்பட்டது.

நோயைப் 'பேய்' என்றும் 'சக்தி' என்றும் கூறும் மொழியை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. மருத்துவம் எட்டாத இடத்தில் மக்களுக்கு வேறு சொல் எங்கிருந்து கிடைக்கும்? 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டுவிட்ட குடும்பங்களுள் பல, வேறு வழி தெரியாமல் வந்தவை. தேசிய மனநலத் திட்டம் 1982-இலும், மாவட்ட மனநலத் திட்டம் 1996-இலும் தொடங்கப்பட்டவை. திட்டம் இருப்பதும், குழந்தை பெற்ற பெண்ணின் வீட்டு வாசலுக்கு அது வந்து சேர்வதும் வேறு வேறு.

தமிழ்நாட்டில் கருவுற்ற பெண் அரசின் பார்வைக்கு அப்பாற்பட்டவள் அல்லள். கிராம சுகாதாரச் செவிலியர் அவளைப் பதிவு செய்கிறார். எடை, இரத்த அழுத்தம், இரும்புச்சத்தின் அளவு ஆகியன குறிக்கப்படுகின்றன. அங்கன்வாடி இணை உணவு தருகிறது. மகப்பேறு நிதியுதவி வங்கிக் கணக்கில் சேர்கிறது. உடலுக்காக இத்தனை முறை சந்திக்கும் ஓர் அமைப்பு, 'இரவில் உறங்குகிறாயா, வீட்டில் அடிக்கிறார்களா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா' என்ற மூன்று கேள்விகளையும் அதே அட்டையில் சேர்த்துக்கொள்வது பெருஞ்செலவு பிடிக்கும் செயல் அன்று. அக்குறிப்பு முதலில் சிகிச்சைக்கு வழியாகும். சிகிச்சை தவறினால் பின்னாளில் சான்றாகவும் நிற்கும்.

7. ஏட்டிலுள்ள சட்டங்கள்

சட்டம் இல்லாததே குறை என்று கூறவியலாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, பாதுகாப்பு அலுவலரை ஏற்படுத்தி, குடும்ப நிகழ்வு அறிக்கை பதிவு செய்யும் கடமையை அவருக்கு அளிக்கின்றது. மனு அளித்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை, அறுபது நாட்களுக்குள் முடிவு என்பது அச்சட்டம் காட்டும் கால அளவு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநலச் சேவை பெறுவதை உரிமையாக்குகிறது. மனநோயுற்ற ஒருவர் வீட்டில் துன்புறுத்தப்படுவதாகவோ புறக்கணிக்கப்படுவதாகவோ காவல் நிலைய அலுவலர் அறிந்தால், நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 101-ஆம் பிரிவு கூறுகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் எனக் கருதப்பட வேண்டும், அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்பது 115-ஆம் பிரிவு.

இப்பிரிவு ஒரு விந்தையான நிலையைத் தோற்றுவித்துள்ளது. குழந்தையோடு கிணற்றில் குதித்த தாய், தன்னைக் கொல்ல முயன்ற செயலில் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவள். அவளுக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை. அதே நிமிடத்தில், அதே குதிப்பில், குழந்தையைப் பொறுத்தவரை அவள் தெளிந்த அறிவோடு செயல்பட்ட கொலையாளி. ஒரே மனத்தை ஒரே கணத்தில் இரண்டாகப் பிரிக்கும் இம்முரண்பாட்டைச் சட்டம் இன்னும் தீர்க்கவில்லை.

இச்சிக்கல் தாய்மாருக்கு மட்டும் உரியதும் அன்று. 2017 அக்டோபர் 23-ஆம் நாள் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான கூலித்தொழிலாளி ஒருவரின் குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரு பெண்குழந்தைகள் ஆகிய நால்வரும் இறந்தனர். அதே அலுவலகத்தில் பலமுறை மனு அளித்தும் பயனில்லை என்பது அப்போது வெளியான செய்தி. அதிக வட்டி வசூலிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருந்தது. கதைப்பாடலில் அடைபட்டது அண்ணன் வீட்டுக் கதவு. இங்கு அடைபட்டது அரசு அலுவலகத்தின் கதவு.

8. செய்யத்தக்கவை

தாயின் துயரைப் பேசுகையில் இறந்த குழந்தையை மறந்துவிடலாகாது. குழந்தை தாயின் உடைமை அன்று. வாழும் உரிமையுடைய தனி உயிர். தாயின் பொறுப்பை முற்றாக நீக்குவதன்று இக்கட்டுரையின் நோக்கம். பொறுப்பு எவ்வளவு, யார் யாருடையது என்பதை அளக்க நீதிமன்றத்திற்குத் தேவையான செய்திகள் அதன்முன் வர வேண்டும் என்பதே வேண்டுகோள். அதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதலாவதாக, பெற்றோரால் குழந்தை இறந்த வழக்குகளில் கைதான உடனேயே உளமருத்துவ மதிப்பீடு நடைபெற வேண்டும். ஆண்டுகள் கழித்துச் செய்யும் மதிப்பீடு, செயல் நிகழ்ந்தபோதிருந்த உளநிலையைக் காட்டாது. மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் உளநிலை மதிப்பீட்டை அரசுத் தரப்பு முன்வைக்க வேண்டும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியுள்ளது. அதனை இவ்வழக்குகளுக்கும் விரிக்கலாம்.

இரண்டாவதாக, நன்னடத்தை அலுவலர் வழியாகச் சமூகநிலை அறிக்கை ஒன்று பெறப்பட வேண்டும். சட்டத்தோடு முரண்பட்ட சிறாரின் வழக்குகளில் இளைஞர் நீதிச் சட்டம் இத்தகைய அறிக்கையை ஏற்கெனவே கேட்கின்றது. அவள் எந்தெந்த வாசலுக்குச் சென்றாள், யாரிடம் கூறினாள், என்ன விடை கிடைத்தது என்பன அவ்வறிக்கையின் வினாக்களாக அமைய வேண்டும். தாள் இல்லாதவளுக்கு அண்டைவீட்டாரின் வாய்மொழியே தாளாகும்.

மூன்றாவதாக, 165-ஆம் பிரிவைப் பற்றிய 2025-ஆம் ஆண்டு அறிவுறுத்தல் விசாரணை நீதிபதிகளுக்கும் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்களுக்கும் அளிக்கப்படும் பயிற்சியில் இடம்பெற வேண்டும். மேல்முறையீட்டில் கேட்கப்படும் கேள்வி, விசாரணையின் முதல் நாளிலேயே கேட்கப்பட்டிருந்தால் பத்தாண்டுகள் மிஞ்சும்.

முடிவுரை

1940, 1953, 1989, 2025 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளை வரிசைப்படுத்தினால், நீதிமன்றத்தின் பார்வை கணத்திலிருந்து காலத்தை நோக்கி மெல்ல நகர்ந்துள்ளமை புலப்படும். 'நல்லதங்காள் நோய்க்குறி' அந்நகர்வில் ஒரு முதன்மையான படி. நாட்டார் வழக்காறு ஒன்று சட்டத்திற்கு இல்லாத சொல்லை வழங்கியது என்ற வகையில் தமிழாய்வாளர்க்கும் அது கருதத்தக்கது. ஆனால் நீதிமன்றம் கதைப்பாடலிலிருந்து எடுத்துக்கொண்டது கிணற்றை மட்டுமே. அதற்கு முன் அடைபட்ட கதவையும், ஓடி மன்றாடிய மூத்த மகனையும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. கதவுக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்கும் விசாரணையே அடுத்த மூத்த மகனைக் காக்கும் வழியை அறியும்.